ரவுட்டரில் கை வைக்கும் முன்

சனிக்கிழமை மாலை ஏழு மணி. எங்கள் தெரு மளிகைக் கடையில் பில் போட ஆறேழு பேர் நின்றோம். அக்கம்பக்கத்தார் கடை வைஃபையைப் பயன்படுத்துகிறார்கள் என்று கடைக்காரரின் மகன் அந்த நேரம் பார்த்து பாஸ்வேர்டை மாற்றினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பில் பிரின்டர் நின்றது, கேமராவின் படம் உறைந்தது, கார்டு மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் போனில் மட்டும், 1,840 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மெஷினில் ரசீது வரவில்லை. அவர் இரண்டாம் முறையாக ரொக்கம் எண்ணிக் கொடுத்துவிட்டு, முகம் வாடிப் போனார்.

பாஸ்வேர்டை மாற்றியது தவறில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும் நேரத்தில் அந்த இணைப்பை யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காததுதான் தவறு.

பல மென்பொருள்கள் தொடங்கும்போது ஒருமுறை செட்டிங்கைப் படித்து, அதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. நீங்கள் மாற்றியதை அவை அறியாது. மூடித் திறந்தால்தான் தெரிந்துகொள்ளும். அதுவரை பாதி மென்பொருள் பழைய வழியிலும் பாதி புதிய வழியிலும் நிற்கும். இன்னொரு சிக்கல் முகவரி. ரவுட்டர் அணைந்து எழும்போது பிரின்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடலாம். பில் மென்பொருளோ பழைய முகவரியைத்தான் தேடும். பிரின்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிறோம். அந்தப் பிரின்டருக்கு மாறாத முகவரி ஒன்றை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிட்டால் இந்தச் செலவு இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. டொரன்டோவில் உறவினர் உள்ளவர்களுக்கு 2022 ஜூலை 8 நினைவிருக்கும். கனடாவின் ராஜர்ஸ் நிறுவனம் தன் மைய வலையமைப்பைக் கட்டம் கட்டமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் ரவுட்டர் செட்டிங்கிலிருந்து ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மையக் கருவிகள் முடங்கின. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சேவை நின்றது. நாடெங்கும் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. பலரால் 911 அவசர எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. பழுது பார்க்க உள்ளே போகும் வழியும் அதே வலையமைப்பை நம்பியே இருந்ததால், பொறியாளர்களே வெளியில் நின்று தவித்தார்கள். ஐந்து நாள் கட்டணத்தை நிறுவனம் பின்னர் தள்ளுபடி செய்தது.

சரியாகச் செய்ததற்கும் சான்று உண்டு. பல லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் செட்டிங்கை, அதாவது இணையதளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் அமைப்பை, திருட்டுத்தனமாக மாற்றிவைத்த ஒரு கும்பலை 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ முடக்கியது. கும்பலின் சர்வர்களை அன்றே அணைத்திருந்தால் அவற்றை நம்பியிருந்த அப்பாவிகளின் இணையமும் அறுந்திருக்கும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு அந்த இடத்தில் நல்ல சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓடவிட்டு, மக்கள் தங்கள் கணினியைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுத்தார்கள்.

கடையிலும் வீட்டிலும் இதையேதான் செய்ய வேண்டும். பெரும்பாலான ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை என்று இரண்டாவது பெயர் ஒன்றைத் திறக்கலாம். புதிய பாஸ்வேர்டை அதில் வையுங்கள். கார்டு மெஷின், பில் கணினி, கேமரா என ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றி, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை மூடுங்கள். சில ரவுட்டர்கள் விருந்தினர் வைஃபையில் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேச விடாது. பிரின்டர் இருந்தால் அந்தத் தடையை முதலில் நீக்க வேண்டும். கடையடைத்த பிறகு செய்யுங்கள். பழைய செட்டிங் பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை வழியே நுழைந்து வைஃபையை மாற்றாமல், லேன் கேபிளைச் செருகிக்கொண்டு உட்காருங்கள். ரவுட்டரின் உள் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கரன்ட் போனால் கருவியே வீணாகலாம், யுபிஎஸ் அவசியம். ‘இன்டர்நெட் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், டிஎன்எஸ்ஸை இப்படி மாற்றுங்கள்’ என்று முன்பின் தெரியாத யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இணைப்பு அறுந்து பணம் நடுவில் சிக்கினால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை இதற்கு நாள் குறித்திருக்கிறது. கடையில் கார்டிலோ யுபிஐயிலோ கட்டிய பணம் கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி வரவில்லையென்றால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். யுபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதுவும் நீங்கள் கேட்காமலே கணக்கில் சேர வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. வரவில்லையென்றால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தரவில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வழி கேட்க ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணை அழைக்கலாம்.

தவறு இணைய சேவை நிறுவனத்தின் பக்கம் என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 ஒழுங்குமுறை இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் பெரிய முடக்கம் 24 மணி நேரத்தைத் தாண்டினால், போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு வாடகையில் கழிவும் பிரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும்.

அந்த அம்மாவின் 1,840 ரூபாய் நான்காம் நாள் கணக்குக்குத் திரும்பியது. அவரிடம் ரசீது எதுவும் இல்லை, வங்கியின் குறுஞ்செய்தி மட்டும்தான் இருந்தது. பணம் வரும்வரை அதை அழித்துவிடாதீர்கள்.