தனி டம்ளர் வைக்க வேண்டிய நோய் அல்ல இது

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ‘மெடிக்கல்’ என்ற சொல் எல்லோருக்கும் பழக்கம். விமானம் ஏறுவதற்கு முன்பு அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காசநோய், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி எல்லாம் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் ‘ஃபிட்’. ஏதாவது ஒன்று இருந்தால் ‘அன்ஃபிட்’.

நம் காலனிகளில் வெளிநாட்டுப் பயணம் கையிருப்பில் இருந்து தொடங்குவதில்லை. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும். மகளிர் குழுவில் கடன் எடுத்திருப்பார்கள். ஏஜென்ட் கையில் முன்பணம் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிற ‘அன்ஃபிட்’ என்ற ஒரு சொல், வேலையோடு சேர்த்து அந்தக் குடும்பத்தின் சில ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

கடலூர் மாவட்டத்தில் ஐ.டி.ஐ. முடித்த வெல்டர் ஒருவரை அறிவேன். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதே அவருக்குத் தெரிந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. முந்தின வாரம்வரை நெல் மூட்டை தூக்கியவர். இது என்ன நோய், அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏஜென்ட் பணத்தைத் திருப்பவில்லை. வீட்டுக்கு வந்தால் அவருக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். தாத்தாவுக்கு டீக்கடையில் தனி டம்ளர் வைத்தார்கள், எனக்கு எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னபோது பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

வேலை போனது ஒரு இழப்பு. தனி டம்ளர் இன்னொரு இழப்பு. இரண்டுக்கும் காரணம் கிருமி மட்டுமல்ல. அதைப் பற்றி நமக்குச் சொல்லப்படாத செய்திகளும்தான்.

காமாலை எல்லாம் ஒன்றல்ல

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது, அதாவது காமாலை, அதன் ஓர் அறிகுறி. இதை உண்டாக்கும் முக்கியமான வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. 

ஏ, ஈ இரண்டும் அசுத்தமான குடிநீராலும் உணவாலும் வருபவை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒட்டிப் போகும் தெருக்களில் வீட்டுக்கு வீடு காமாலை வருவது பெரும்பாலும் இவற்றால்தான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குணமாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு ஈ வகை ஆபத்தானது.

பி, சி இரண்டும் வேறு வகை. இவை ரத்தத்தின் வழியே பரவுகின்றன. பாதுகாப்பற்ற உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பி வகை பரவும். டி வகை, பி இருப்பவர்களுக்கு மட்டுமே வரும். பி, சி வைரஸ்கள் பல ஆண்டுகள் ஓர் அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கல்லீரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டு இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் சுமார் 2.98 கோடி பேர். சி உள்ளவர்கள் சுமார் 55 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது.

இன்னொன்றையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு ஹெபடைடிஸ் பி நிலையாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்தவருக்குத் தொற்றினால் தங்குவது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே இன்று இந்தக் கிருமியோடு வாழும் பலருக்கு, விவரம் தெரியாத வயதிலேயே அது வந்திருக்கிறது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி 2002-03இல் சில இடங்களில் தொடங்கி, 2011இல்தான் நாடு முழுவதும் வந்தது. இன்று வேலை தேடும் வயதில் இருப்பவர்களில் பலர் அதற்கு முன்பே பிறந்துவிட்டவர்கள். ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன் ‘எங்கே போய் வாங்கி வந்தானோ’ என்று பேசுவது அறியாமை மட்டுமல்ல, அநியாயம்.

எதில் பரவும், எதில் பரவாது

ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் பரவும். சுத்தம் செய்யாத கருவியால் பச்சை குத்தினால், காது குத்தினால் பரவும். ஒரே சவரக் கத்தி, ஒரே பிளேடு, ஒரே பல் துலக்கி ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டால் பரவலாம்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடித்தால் பரவாது. கை குலுக்கினால், கட்டித் தழுவினால், இருமினால், ஒரே விடுதி அறையில் தங்கினால், ஒரே பட்டறையில் வேலை செய்தால் பரவாது.

தொட்டால் தீட்டு என்ற பொய்யை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. அந்தப் பொய்யால் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட நாம், ஒரு வைரஸின் பெயரால் அதே பொய்யை நம் வீட்டுக்குள் குடிவைக்கலாமா? சமையல், கட்டடம், வெல்டிங், ஓட்டுநர் என்று எந்த வேலையிலும் ஹெபடைடிஸ் பி உள்ளவர் பக்கத்தில் நிற்பதால் அடுத்தவருக்கு ஆபத்தில்லை. உடல் தெம்பாக இருக்கும்வரை அவருக்கும் வேலை செய்யத் தடையில்லை.

வேலை தந்த நோய்

இந்த நோயால் வேலை போகிறவர்கள் ஒரு பக்கம். வேலையால் இந்த நோய் வரும் அபாயத்தில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். தூய்மைப் பணியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர். குப்பையைப் பிரிக்கும்போது கையில் குத்தும் ஊசியும் உடைந்த கண்ணாடியும் அவர்களுக்கு அன்றாடம். உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். போன வாரம் வீசிய ஊசியும் இந்த வாரம் ஆபத்துதான்.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டியது மருத்துவமனையின் கடமை என்கின்றன. மருத்துவர், செவிலியர் மட்டுமல்ல, கழிவு வாளியைத் தூக்குகிற ஒப்பந்தத் தொழிலாளியும் அதில் அடக்கம். உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் ஹவுஸ் கீப்பிங் வேலை பார்த்தால், மூன்று தவணை ஊசியும் போட்டார்களா என்று இன்றே கேளுங்கள். போடவில்லை என்றால் சலுகையாகக் கேட்க வேண்டாம். விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசி குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தடுப்பூசி போடாதவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். குத்திய நாள், நேரம், இடம் மேற்பார்வையாளரின் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். மருத்துவமனை, ஆய்வகம் போன்ற பணியிடங்களில் தொற்றும் நோய்கள், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் வகுத்த தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. எழுத்தில் பதிவு இல்லாவிட்டால் நாளை இழப்பீடு கேட்கக் கையில் ஒன்றும் இருக்காது.

செவிலியர் படிப்புக்குப் போகும் நம் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் வெளியிட்ட பரிந்துரை, ஹெபடைடிஸ் பி இருப்பதை மட்டும் காரணமாக்கி யாரையும் மருத்துவம், பல் மருத்துவம், அதைச் சார்ந்த படிப்புகளிலிருந்தும் பணிகளிலிருந்தும் விலக்கக் கூடாது என்கிறது. அறுவை சிகிச்சை போன்ற சில பணிகளுக்கு மட்டும் ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. முறையான மருந்தால் அந்த அளவைக் குறைத்துவிட முடியும்.

சீனத்து இளைஞர் போட்ட வழக்கு

இந்தப் பாகுபாட்டை எதிர்த்து நின்று ஒரு நாட்டின் விதியையே மாற்றவைத்த கதை சீனாவில் நடந்தது. ஆன்ஹுய் மாகாணத்தில் ஜாங் சியான்சு என்ற பட்டதாரி 2003இல் அரசுப் பணித் தேர்வு எழுதி முதலிடத்தில் வந்தார். மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி என்று சொல்லி வேலையை மறுத்தார்கள். அவர் ஊகு நகர நீதிமன்றத்துக்குப் போனார். 2004 ஏப்ரலில், அவரை நிராகரித்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

அவருக்குக் கிடைக்காதது பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. 2005இல் சீன அரசுப் பணிக்கான உடல்தகுதி விதிகள் திருத்தப்பட்டன. 2008 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், தொற்றுநோய்க் கிருமியைச் சுமப்பவர் என்ற காரணத்தால் வேலை மறுக்கக் கூடாது என்றது. 2010இல், வேலைக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் ஹெபடைடிஸ் பி சோதனை கேட்பதையே அந்த அரசு தடைசெய்தது. பாகுபாடு அதோடு மறைந்துவிடவில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்பவர் கையில் ஒரு சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அப்படிப்பட்ட சட்டம் உண்டு. எச்.ஐ.வி. உள்ள தொழிலாளி வேலை செய்யும் தகுதியோடு இருக்கும்போது, கிருமியை மட்டும் காரணம் காட்டி அவரை நீக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1997இல் சொன்னது. 2017இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. வேலைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்பதை அந்தச் சட்டம் தடுக்கிறது. அதே ரத்த வழியில் பரவுகிற, ஆனால் தடுப்பூசியும் உள்ள ஹெபடைடிஸ் பி-க்கு இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. வளைகுடா நாட்டின் விதியை நாம் இங்கிருந்து மாற்ற முடியாது. நம் நாட்டுக் கம்பெனியின், கல்லூரியின் விதியை மாற்றக் கேட்க முடியும்.

முதலில் சோதனை, பிறகு பணம்

வெளிநாடு போக நினைப்பவர்கள் ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 104 எண்ணுக்குப் பேசுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அதற்கு ரசீது வாங்குங்கள்.

சோதனையில் கிருமி இல்லை என்றால் அதோடு விடாதீர்கள். வளர்ந்தவர்களுக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. சோதனை முதலில், ஊசி பிறகு என்ற வரிசை முக்கியம். ஊசி போட்ட மூன்று வாரத்துக்குள் சோதித்தால், கிருமி இல்லாதவருக்கும் இருப்பதுபோல் காட்டக்கூடும்.

கிருமி இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். சி வகையை 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குணப்படுத்திவிடலாம். பி வகையை முற்றிலும் நீக்குவது அரிது. ஆனால் தினம் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கல்லீரல் சோதனை எல்லோருக்கும் தேவை. மதுவை விட்டுவிட வேண்டும். மனைவி, கணவர், பிள்ளைகளைச் சோதித்து ஊசி போட வேண்டும். கர்ப்பிணிக்கு இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி கட்டாயம்.

கீழாநெல்லி இருக்கிறதே என்பார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பர்க், சென்னையின் தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து 1988இல் கீழாநெல்லி பற்றி நம்பிக்கையூட்டும் ஆய்வை வெளியிட்டது உண்மை. பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை என்பதும் உண்மை. கீழாநெல்லியை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடுவது.

அந்தப் புளும்பர்க் பிறந்த ஜூலை 28தான் உலக ஹெபடைடிஸ் நாள். அது முடிந்து 18ஆம் நாள், ஆகஸ்ட் 15 அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். நம் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போடப்பட்டதா? அவர்களுக்குத் தடித்த கையுறை தரப்பட்டதா? வேலை தேடும் இளைஞர்களுக்கு ஊரிலேயே பரிசோதனை முகாம் எப்போது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.