கரிசல் மண்ணில் ஒரு கற்றுக்குட்டியின் காய்கறித் தோட்டம்



உழவியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, மானாவாரிப் பருத்தியைப் பற்றி ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒருவன், வீட்டுக்குப் பின்னால் இருபது வெண்டைச் செடிகளைக் காப்பாற்ற முடியாமல் விழித்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரிக்கலாம். அந்த ஒருவன் நான்தான். எக்டர் கணக்கில் பேசிப் பழகியவனுக்குச் சென்ட் கணக்கு புதிது. நான் செய்த தவறுகள் என்னோடு போகட்டும் என்ற எண்ணத்தில்தான் இதனை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் புதிதாகத் தோட்டம் போட முனையும் பிள்ளைகள், மருமக்கள் இருந்தால் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் என் துணைவியாரின் தாய்வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறம் 5 சென்ட் நிலம் வெகுநாள் சும்மா கிடந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் காய்கறித் தேவைக்கு 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டர், போதும் என்பது நமது பரிந்துரை. பரிந்துரையை ஊருக்குச் சொல்பவன் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டாமா? விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு இறங்கினேன்.

முதலில் தோற்றது தண்ணீரில்

அச்சங்குளத்து மண் கரிசல். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை: நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். களிப்பங்கு மிகுந்த இம்மண் நீரை மெதுவாகவே உள்ளே விடும். விட்டதை எளிதில் வெளியே விடாது. மானாவாரிப் பயிருக்கு வரமான இக்குணமே நாள்தோறும் குடம் குடமாக ஊற்றுபவனுக்குச் சாபமாகி விடுகிறது. நான் காலையும் மாலையும் ஊற்றினேன். இருபது குழிகளில் முளைத்தது நான்கு. மற்ற விதைகள் குழியிலேயே அழுகி விட்டன. என் அத்தை திண்ணையிலிருந்தே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "வெண்டைக்குத் தண்ணி விடுறீகளா மாப்பிள்ள, இல்ல நெல்லு நடப் போறீகளா?" என்று கேட்டார்கள்.

கரிசலில் நாள் கணக்குப் பார்த்து நீர் விடக் கூடாது. விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டியதில்லை. மண் சேறாக இருக்கும்போது கொத்துவதும் மிதிப்பதும் ஆகாது; கட்டி கட்டியாக இறுகிப் பின்னர் வேர் இறங்க இடமில்லாமல் போகும். பதம் வந்த பின்பே கொத்த வேண்டும்.

இரண்டாம் முறை தரைமட்டத்தில் விதைக்கவில்லை. ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்காமல் வடிய இதுவே வழி. காய்கறிப் பயிருக்கு எக்டருக்கு 25 டன் மக்கிய தொழு உரம் என்று எழுதுவோம். கணக்குப் போட்டால் சென்டுக்கு 100 கிலோ வருகிறது. நான்கைந்து சாக்கு உரம்தானே! அதனுடன் ஆற்றுமண் இருந்தால் சிறிது கலந்து கொள்ளலாம். வெடிப்பைத் தடுக்கச் செடிகளுக்கு இடையே கடலைத் தொலி, கம்மந்தட்டை போன்றவற்றை மூடாக்காகப் பரப்புங்கள். ஈரமும் நிற்கும், களையும் குறையும்.

எதை விதைப்பது?

வெண்டையை 45 செ.மீ. இடைவெளியுள்ள வரிசைகளில் செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு விதைக்கவும். கத்தரியில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 நம் பகுதிக்கு ஏற்றது. புழுதிக் கத்தரி என்ற உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கப்பட்டதாகையால் வறட்சியைத் தாங்கும். நாற்றங்காலில் 30 முதல் 35 நாள் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நடலாம். மிளகாயில் கோவில்பட்டியில் உருவான கே.1, கே.2 இரகங்களை நீங்கள் அறிவீர்கள். கொத்தவரை, தண்ணீர் குறைந்த வீட்டிற்கு நல்ல துணை. கீரையை மறந்து விடாதீர்கள். முளைக்கீரை 25 நாளில் சட்டிக்கு வந்து விடும். முதன்முதலாகத் தோட்டம் போடுபவருக்கு மனம் தளராமல் இருக்க அந்த 25 நாள் பெரிய உதவி.

வேலியோரம் இரண்டு செடி முருங்கை வையுங்கள். பி.கே.எம்.1 செடிமுருங்கையை விதை மூலமே வளர்க்கலாம். விதைத்து இரண்டு மாதமளவில் 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி விட வேண்டும். கிள்ள மனம் வராமல் நான் விட்டது இப்போது கூரைக்கு மேல் நிற்கிறது. காய் பறிக்கத் தொரட்டி தேட வேண்டியிருக்கிறது.

ஒரே அடியில் வீழ்த்தும் ஆசை

இங்கே ஒரு பலவீனத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறேன். எனக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். கல்லூரியில் இதனை யாரிடமும் சொல்வதில்லை. ஜெய்சங்கர் நடித்து மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதல், விஜயகாந்தின் நூறாவது படமான 'கேப்டன் பிரபாகரன்' (1991) வரை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். கதை தெரியும், முடிவு தெரியும். இருந்தும் எழுந்து போக மனம் வராது. நாயகன் ஒருவன், எதிரே முப்பது பேர், அடித்தால் எழுவதில்லை. இரண்டரை மணி நேரத்தில் ஊர் சுத்தமாகி விடும்.

அந்தப் புத்தியோடு தோட்டத்தில் இறங்கியதுதான் பெரிய பிழை. அவரைக் கொடியின் கொழுந்தில் அசுவினி தென்பட்டது. படித்ததெல்லாம் பறந்து போயிற்று. கடையில் கிடைத்த வீரியமான பூச்சிக்கொல்லியை வாங்கித் தோட்டம் முழுவதும் அடித்தேன். மறுநாள் அசுவினி இல்லை. வெற்றி என்று எண்ணினேன். அசுவினியைத் தின்று கொண்டிருந்த பொறிவண்டும் அதன் புழுவும் சேர்ந்து செத்ததை அப்போது கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழிந்தது. வெண்டை இலையைத் தட்டினால் வெள்ளை ஈ புகை போல எழுந்தது. அதன் பின்னாலேயே மஞ்சள் நரம்புத் தேமல் வந்தது. இந்நோயைப் பரப்புவது வெள்ளை ஈதான் என்று தேர்வில் கேள்வி கேட்பவன் நான்!

இது என் 5 சென்டில் மட்டும் நடந்த கூத்தன்று. 1984-85ஆம் ஆண்டில் ஆந்திரத்துப் பருத்தி வயல்களில் வெள்ளை ஈ பெருகிப் பேரிழப்பு உண்டாயிற்று. அப்போது புதிதாக வந்திருந்த செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளை அளவுக்கு மீறி மீண்டும் மீண்டும் தெளித்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. காய்ப்புழுவுக்கு அடித்த அடியில் வெள்ளை ஈயின் எதிரிகள் விழுந்தன. வெள்ளை ஈ எழுந்து கொண்டது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டும், பிறகே அடிக்க வேண்டும். வாரம் இருமுறை இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பொறிவண்டு நடமாடினால் அசுவினியை அதனிடமே விட்டு விடலாம். மிகுந்தால் ஐந்து சத வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல் போதும்: ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதிசோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும். பழைய தகர டப்பாவுக்கு மஞ்சள் வண்ணம் பூசி, விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்தில் கட்டினால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக் கொள்ளும். தேமல் கண்ட வெண்டைச் செடியை இரக்கம் பாராமல் பிடுங்கி எரிக்க வேண்டும். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கும். அந்த நுனியைச் சற்றுக் கீழே கிள்ளி அழித்து விடுங்கள். வேலை சிறியது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும்.

இரண்டு மருந்தும் ஒன்றல்ல

நம் ஊர்ப் பக்கம் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரு விபரீத எண்ணமும் உலவுகிறது. பொட்டாசியம் நைட்ரேட் என்ற வெடியுப்பு உரமாகவும் விற்கப்படுகிறது. அதில் 13 சதம் தழைச்சத்தும் 45 சதம் சாம்பல் சத்தும் உள்ளன. கந்தகத்தைச் சாம்பல் நோய்க்குத் தெளிக்கிறோம். அப்படியானால் ஆலையில் மிஞ்சியதைச் செடிக்குப் போட்டால் என்ன என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

கூடாது. ஒருபோதும் கூடாது. ஆலையில் மிஞ்சுவது தனி உப்பன்று, கலவை. உரசலும் அடியும் அதற்குப் போதும். அதில் பேரியம் உப்பு கலந்திருந்தால் அது உடலுக்கு நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றமே 2018இல் தடை விதித்தது. ஆலையின் இரசாயனப் பீப்பாயைக் கழுவித் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியாக வைப்பதும், ஆலைக்கு உடுத்திச் சென்ற துணியைத் துவைத்த நீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்புவதும் வேண்டாம். குளியல் நீர், பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகலாம். நோய்க்கு வேண்டிய கந்தகத்தை நனையும் கந்தகத் தூளாகக் கடையில் வாங்கி லிட்டருக்கு 2 கிராம் வீதம் வெண்டைக்குத் தெளியுங்கள். வெயில் உச்சியில் தெளிக்கக் கூடாது. வெள்ளரி, பீர்க்கு, பாகல் கொடிகளுக்குக் கந்தகம் ஆகாது, இலை கருகும்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று வேலைக்குப் போனவர்களில் பலர் பெண்கள். என் அத்தையும் முன்பு ஆலை வேலைக்குப் போய் வந்தவர்தான். அன்று வீட்டில் இருந்தார்கள். அலமாரித் தட்டுகள் உருண்டு விழுந்ததை இன்னும் சொல்வார்கள். நான் சண்டைப் படம் பார்க்கும்போது அவர்களும் கூட இருப்பார்கள். சண்டை வரை சிரித்துக் கொண்டே பார்ப்பார்கள். பீப்பாய்கள் வெடித்துச் சிதற, நாயகன் திரும்பிப் பாராமல் நடந்து வரும் கட்டம் வந்தால் மட்டும் எழுந்து பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய் விடுவார்கள். ஏன் என்று உணர எனக்கு ஓராண்டு ஆயிற்று. இப்போது ஊரில் இருக்கும்போது அத்தகைய படங்களைப் போடுவதில்லை. கல்லூரி விடுதியில் பார்ப்பதுண்டு. விட முடியவில்லை.

தீபாவளிக்குப் பின்

விபத்து நேர்ந்தால் ஆய்வு, உரிமம் நிறுத்தம் என்று ஆலைகள் மூடப்படும். தீபாவளி முடிந்தாலும் சில வாரம் வேலை ஓயும். கூலி நிற்கும் அந்நாட்களில் காய்கறிதான் முதலில் குறைகிறது. சோறும் குழம்புமாக ஓட்டுகிறார்கள். நல்ல வேளையாக அதே சமயம்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. ஆகவே புரட்டாசியில் பாத்தி தயார் செய்து, முதல் மழையில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றி, கத்தரி, மிளகாய் விதையை நாற்றங்காலில் போட்டு விடுங்கள். கீரையை ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதையுங்கள். ஐந்தாறு வாரத்தில், கூலியில்லாத நாட்களுக்குச் சரியாக, பறிப்புத் தொடங்கி விடும்.

வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். இரண்டு காய் முற்ற விட்டால் செடி அடுத்த பூவைக் குறைத்துக் கொள்ளும். நான் ஊரில் இல்லாத நாட்களில் அத்தை பறிக்கிறார்கள். சென்ற வாரம் தொலைபேசியில், "நாலு வீட்டுக்குக் குடுத்தும் மிச்சம் கெடக்கு, மாப்பிள்ள. வரும்போது பை கொண்டு வாங்க" என்றார்கள்.