அப்ரண்டிஸ் ஓராண்டு: கிடைப்பது எது, கிடைக்காதது எது?

மதுரையிலிருந்து நெல்லைக்குப் போகிறவர்களுக்குக் கயத்தாறில் இரண்டு அடையாளங்கள் தெரியும். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்து நினைவுச் சின்னம் ஒன்று. வானத்தை நிறைத்துச் சுற்றும் காற்றாலைகள் மற்றொன்று. எலெக்ட்ரிக்கல் படித்த பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு உண்டு: தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம், காற்று மின்சாரத்தை வெளியே அனுப்பும் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம்.

இப்படிப்பட்ட இடங்களிலோ, தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலோ, துறைமுகத்திலோ பிள்ளைக்குப் பயிற்சி கிடைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "முடிச்சதும் வேலை போட்டுருவாங்களா?" என்பதுதான். போடமாட்டார்கள். குறைந்தபட்சம், போட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்படியானால் ஓராண்டை எதற்குச் செலவழிப்பது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கல்லூரிக் கடிதத்தோடு ஓரிரு வாரம் போய்ச் சுற்றிப் பார்த்து, சான்றிதழ் வாங்கி வருவது இன்பிளான்ட் டிரெயினிங். அதில் உதவித்தொகை எதிர்பார்க்க முடியாது. அப்ரண்டிஸ் வேறு. அது 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. 1973 திருத்தத்துக்குப் பிறகு பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். இவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி, எழுத்தில் ஒப்பந்தம், மாத உதவித்தொகை உண்டு. 2019 விதித் திருத்தம் வைத்த கீழ்வரம்பு பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது.

இனி, கற்பது என்ன என்று பார்ப்போம். மின்வாரியத்தில் எந்தப் பிரிவில் விட்டாலும் முதலில் காதில் விழும் சொல் எல்.சி., அதாவது லைன் கிளியர். மின்பாதையில் வேலை செய்ய வேண்டியவர் துணை மின்நிலையத்தில் எல்.சி. கேட்கிறார். ஆபரேட்டர் பிரேக்கரை நிறுத்தி, ஐசொலேட்டரைத் திறந்து, எர்த் செய்து, "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" பலகையை மாட்டுகிறார். எந்த லைன், யார் கேட்டார், அவர் பதவி என்ன, எத்தனை மணி என்பதெல்லாம் புத்தகத்தில் ஏறுகிறது. அதன் பிறகும் கம்பத்தில் கை வைக்கக் கூடாது. வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டியாக வேண்டும். காரணம், மின்சாரம் துணை மின்நிலையத்திலிருந்து மட்டும்தான் வரும் என்று நம்புவதற்கில்லை. பக்கத்து லைன் தொட்டிருக்கலாம், யாரோ வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருக்கலாம். காற்றாலைகள் நிறைந்த வட்டாரத்தில் இந்தச் சந்தேகத்துக்குக் கூடுதல் மரியாதை தர வேண்டும்.

இதில் முக்கியமானது கடைசிக் கட்டம். எல்.சி. வாங்கியவரே வந்து ரிட்டன் செய்தால்தான் சப்ளை. ஊரே இருட்டில் கிடக்கட்டும், மேலதிகாரி போனில் சத்தம் போடட்டும், புத்தகத்தில் பெயர் இருப்பவர் 'ஆட்கள் இறங்கிவிட்டார்கள், எர்த் எடுத்தாயிற்று' என்று சொல்லாமல் ஆபரேட்டர் பிரேக்கரைப் போடக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் அரசு அலுவலகத்துச் சிவப்பு நாடா. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கோ அந்த ஒரு கையெழுத்துதான் உயிர். பதவிக்குப் பணியாத நடைமுறை ஒன்று நம் அலுவலகங்களிலும் இருக்கிறது என்பதை இருபத்திரண்டு வயதில் நேரில் பார்ப்பது சாதாரண விஷயமல்ல.

காற்றாலைச் சோதனை நிலையம் கற்றுத்தருவது பொறுமையை. டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு அமைந்த நிலையம் இது. ஒரு காற்றாலை எந்தக் காற்றுக்கு எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளந்து சான்று சொல்வது இத்தகைய நிலையங்களின் முக்கிய வேலை. சூத்திரத்தைக் கல்லூரியிலேயே படித்திருப்போம்: காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே வேகத்தை அளப்பதில் சின்னப் பிழை வந்தாலும் கணக்கு கவிழ்ந்துவிடும். விசிறியின் விட்டத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு தள்ளி, கோபுரம் நட்டு, காற்றுமானி வைக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்து, வினாடிக்கு அரை மீட்டர் வேக இடைவெளிகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது அரை மணி நேரத் தரவு, மொத்தம் 180 மணி நேரம் என்பது சர்வதேச விதி. கேட்க ஒரு வார வேலை போலத்தான் தோன்றும். ஆனால் பலத்த காற்றுப் பிரிவு நிறையாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். மே முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று வரும். தவறவிட்டால் அடுத்த பருவம்தான். இன்னொரு விஷயம்: மழையோ பறவையோ கருவியைக் கெடுத்த நேரத்துத் தரவை நீக்கலாம், ஆனால் ஏன் நீக்கினோம் என்று எழுதிவைக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு ரீடிங்கைப் பின்னால் நிரப்பிப் பழகிய கைக்கு இது நல்ல மருந்து.

"அங்கே போனா டீ வாங்கவும் ஃபைல் தூக்கவும்தான் விடுவாங்க" என்ற புகார் பாதி உண்மை. ஆளில்லாத அலுவலகங்களில் அப்ரண்டிஸ் என்பவர் சம்பளம் குறைந்த எழுத்தராகிவிடுகிறார். என் பார்வையில் இது பயிற்சியாளரின் சோம்பல் அல்ல, நிறுவனத்தின் தவறு. பயிற்சித் திட்டத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

சட்டம் தருவதும் தராததும் தெரிந்திருக்க வேண்டும். அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல, தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது என்கிறது 18ஆம் பிரிவு. ஆனால் பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். அனுமதியில்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது 2014 திருத்தம். கொள்கை வேண்டும் என்றதே தவிர, வேலை கொடு என்று சொல்லவில்லை. உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கைகொடுத்தது: மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை, அவருக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பரிந்துரை கட்டாயமில்லை, வயது வரம்புத் தளர்வு பற்றிப் பணி விதி எதுவும் சொல்லாவிட்டால் பயிற்சிக் காலத்தின் அளவுக்குத் தளர்வு. இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளாமலே விண்ணப்பிக்கிறவர்கள் ஏராளம்.

இதற்கெல்லாம் அடிப்படை பதிவான ஒப்பந்தம். சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள், ஒரு நகலை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, எல்.சி. வாங்கியாயிற்றா என்று கேட்காமல், யார் சொன்னாலும் கம்பம் ஏறாதீர்கள்.