சீவலாகக் கொட்டப்படும் நார்

உப்பிட்ட பச்சைத்தோல் ஆயிரம் கிலோ டேனரிக்குள் போனால், விற்பனைக்கான தோலாக வெளியே வருவது ஏறத்தாழ 200 கிலோதான். கழிந்துபோவதில் மயிர், சதை, கொழுப்பு எல்லாம் உண்டு. அவற்றின் கதை வேறு. குரோம் ஏற்றிய 'வெட் புளூ' தோலை ஒரே கனத்துக்குக் கொண்டுவர ஷேவிங் இயந்திரத்தில் கொடுக்கும்போது உதிர்கிறதே நீலச் சீவல், அதைக் கழிவாகக் கருதுவதுதான் தவறு. ஈரம் போக்கிப் பார்த்தால் அதில் பெரும்பங்கு கொலாஜன் நார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் அது மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.

அந்த நாரைப் பலகையாக்கும் முறை காகிதம் செய்வதைப் போன்றதே. சீவலின் அமிலத்தைச் சோடாவால் தணித்து, நீரில் அரைத்து, நார் நாராகப் பிரிக்கிறார்கள். ரப்பர் பாலும் படிகாரமும் சேர்த்தால் ரப்பர் நாரின்மேல் படிந்து ஒட்டும். அந்தக் கூழைக் கம்பிவலையில் வடித்து, அழுத்தி, உலர்த்தினால் லெதர் போர்டு. ஷூவின் இன்சோலுக்கும், குதிகால் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் அட்டைக்கும் அது பொருத்தமானது. கால் வியர்வையை உறிஞ்சிப் பிறகு வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் தகட்டால் இது ஆகாது. பழைய காகிதக் கூழைக் கலந்தால் விலை இறங்கும், ஈரம் தாங்கும் திறனும் கூடவே இறங்கும். இத்தாலியின் ஃபாவினி நிறுவனம் நூற்றுக்கு 25 பங்கு தோல் எச்சம் சேர்த்து 'ரீமேக்' என்னும் உயர்ரகக் காகிதத்தையே விற்கிறது. ஆகவே இந்த நார் மலிவு அட்டைக்கு மட்டும்தான் லாயக்கு என்ற பேச்சு எடுபடாது.

குரோமியம் இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது, வலுவானதும்கூட. சீவலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். கொடிய நஞ்சு ஆறு இணைதிறன் வடிவம். ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும். சீவலைத் திறந்தவெளியில் எரிப்பது ஆபத்தாவது அதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் உடலில் படும் தோல்பொருள்களில் இந்த ஆறு இணைதிறன் குரோமியத்துக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என வரம்பு கட்டியிருக்கிறது. நம் போர்டையும் அதே அளவுகோலால் சோதித்தே விற்க வேண்டும். தேய்ந்த இன்சோல் கடைசியில் குப்பைக்குத்தானே போகும் என்பார்கள். உண்மைதான், இது குரோமியத்தை ஒழிப்பதில்லை. டேனரிகள் குரோமின் அளவைக் குறைக்கும் வேலையைத் தள்ளிப்போட இதைச் சாக்காக்கவும் கூடாது. ஆனால் இன்று மறுபக்கத்தில் இருப்பது குப்பைமேடும் தீயும். அவற்றோடு ஒப்பிட்டால், நாரைப் பயன்படுத்துவதே மேல்.

உண்மையான தடை தரம் பிரிப்பதில் இருக்கிறது. சீவல், தோலைத் தேய்க்கும்போது எழும் பஃபிங் தூசி, சதைக்கழிவு, தரையில் கூட்டிய மண் எல்லாம் ஒரே மூட்டையில் ஏறிவிட்டால் எந்த ஆலையும் அதைத் தொடாது. ஷேவிங் இயந்திரத்தின் அடியிலேயே தனித்தொட்டி வேண்டும். குரோம் படாத, மரப்பட்டையில் பதனிட்ட தோலின் துண்டுகளுக்கு வேறு தொட்டி. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று, டேனரி மாசு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் சிறு செலவும் அந்த நெறிக்குள் அடங்கும். சிறிய டேனரியால் தனியே போர்டு ஆலை வைக்க முடியாதுதான். கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துச் செலவைப் பகிர்ந்துகொண்ட அதே ஊர்கள், சீவலுக்கும் ஒரு பொது ஆலை அமைக்கலாம். போர்டை வாங்க வேண்டிய ஷூ தொழிற்சாலைகள் ஆம்பூரிலேயே இருக்கின்றன.