யார்க்: காட்டுப்பன்றி நுழைந்த ஊர்ப்பெயர்

வட இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரத்தில் பல தெருக்களின் பெயர் 'கேட்' என்று முடியும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அங்கே வாசலைத் தேடினால் ஏமாந்துபோவார்கள். கோட்டை வாசல்களுக்கு அந்த ஊரில் 'பார்' என்று பெயர். வைக்கிங்குகள் பேசிய நோர்ஸ் மொழியில் 'காட்டா' என்றால் தெரு; அதுதான் 'கேட்' ஆகியிருக்கிறது. 'காப்பர்கேட்' என்ற தெருவுக்கும் செம்புக்கும் சம்பந்தம் இல்லை. அது கிண்ணம் செய்வோர் தெரு. 1970களின் பிற்பகுதியில் அங்கே அகழாய்வு நடந்தபோது, மரக் கிண்ணம் கடைந்ததன் மிச்சங்கள் மண்ணுக்கடியில் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுப் பழமையான தொழிலைத் தெருவின் பெயர் பத்திரமாக வைத்திருந்தது!

ஊரின் பெயர் அதைவிடப் பழையது. பொ.ஆ. 71இல் ரோமானியர்கள் அங்கே கோட்டை கட்டி, அதை 'எபோராகம்' என்றார்கள். அங்கிருந்த கெல்டியர்களின் பெயரைத்தான் லத்தீனுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். 'யூ' என்னும் ஊசியிலை மரங்கள் நிறைந்த இடம் என்று அதற்குப் பெரும்பாலான அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர்களுக்கு அந்தப் பொருள் தெரியவில்லை. காதில் விழுந்த ஒலி, காட்டுப்பன்றியைக் குறிக்கும் தங்கள் 'எயோஃபர்' என்ற சொல்லைப் போலிருந்தது. ஊர் 'எயோஃபர்விக்' ஆயிற்று. மரம் போய்ப் பன்றி வந்தது. 866இல் ஊரைப் பிடித்த வைக்கிங்குகள் அதை 'யோர்விக்' என்று சுருக்கினார்கள். அதுவும் தேய்ந்து யார்க் ஆனது. 1664இல் யார்க் கோமகனின் பெயரால் ஓர் அமெரிக்கத் துறைமுகம் நியூயார்க் ஆனபோது, கெல்டியர்களின் அந்த மரமும் கடல் தாண்டிவிட்டது.

புதிதாக வந்தவர்கள் பழைய பெயரை ஏன் தூக்கி எறியவில்லை? வழி கேட்கவும் வரி வாங்கவும் எல்லோருக்கும் பழகிய பெயர்தான் வேண்டும். பொருள் மறந்தாலும் ஒலி போதும்.

ஊர்ப்பெயர் மனிதர்களுக்கும் பெயராயிற்று. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, நிலக்கிழார்கள் தங்கள் ஊரின் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொள்ளும் வழக்கம் பரவியது. வட இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் ஒரு சிற்றூர். 'வாஸா' என்பவனின் வழிவந்தோர் குடியிருப்பு என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 12ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஒரு குடும்பம் ஊர்ப்பெயரைச் சூடிக்கொண்டது. அதன் வழியில் வந்தவர்தான் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன். 1791இல் புதிய தலைநகருக்கு அவர் பெயரை வைத்தார்கள்.