பெடிக்யூர் போறீங்களா? முதல்ல அந்தத் தொட்டியைப் பாருங்க!

2000-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள வாட்சன்வில் நகரம். ஒரே நெயில் சலூனுக்குப் போய்வந்த 100-க்கும் மேற்பட்டோருக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் கிளம்பின. பலருக்கு மாதக்கணக்கில் ஆறவே இல்லை.

காரணம், தண்ணீரில் சாதாரணமாக இருக்கும் மைக்கோபாக்டீரியம் வகை பாக்டீரியா. அது பெருகின இடம்தான் ஷாக்! கால் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியும் தோல் துணுக்கும். வெளியே துடைச்சா இது போகாது.

பெடிக்யூருக்கு முன்பு கால் முடியை ஷேவ் செய்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறலே கிருமிக்கு வாசல்.

அப்போ சலூனில் என்ன கேட்கணும்? வடிகட்டியைக் கழற்றிக் கழுவுறாங்களா, கிருமிநாசினி ஊற்றி 10 நிமிஷம் விடுறாங்களா? இதைக் கேட்டதுக்கே முகம் சுளிச்சா எழுந்து வந்துடுங்க. நீல விளக்குப் பெட்டியைக் காட்டினாலும் நம்பிடாதீங்க. உலோகக் கருவிகளுக்கு ஆட்டோகிளேவ்தான் சரி.