அப்பாவின் ஃபியட்டும் ஒரு வகுத்தல் கணக்கும்

அப்பாவுக்கு 74 வயது. இந்த வருஷம் அவருடைய டிரைவிங் லைசென்ஸ் காலாவதி ஆகிறது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். அதற்கும் டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் படிவத்தை மேஜை மேல் பார்த்தேன்.

"போதும்ப்பா, இனிமே நீங்க ஓட்ட வேண்டாம். ரோடு முன்ன மாதிரி இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். "நான் ஓட்டின ரோட்டை நீ பார்த்ததே இல்லடா. அப்பல்லாம் ஓட்டுறவனுக்குத் தொழில் தெரியும், ஒருத்தனுக்கு ஒருத்தன் வழி விடுவான். இப்ப கார் நல்லா இருக்கு, ஓட்டுறவன்தான் சரியில்ல. அதான் தினம் பேப்பர்ல இத்தனை சாவு."

எனக்குக் கோபம் வந்தால் எக்ஸெல் திறக்கும் பழக்கம். அப்பா சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் இந்தக் கணக்கை ஆரம்பித்தேன். முடிந்த இடம் வேறு. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்து வண்டி

அப்பா 1986-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது பிரீமியர் பத்மினி. எங்கள் ஊரில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை, ஃபியட்தான். இத்தாலி ஃபியட் 1100-ன் இந்திய வாரிசு, 1,089 சிசி எஞ்சின். கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். பவர் ஸ்டியரிங், ஏசி எதுவும் கிடையாது. பிரேக் நாலு சக்கரத்திலும் டிரம். காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை மிதித்து, அது இருமி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

வலது பக்கம் திரும்பணும்னா ஜன்னல் வழியே கையை நீட்டணும். ஹெட்லைட்டின் மேல் பகுதியில் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கும், எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்பதற்காக. திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு இருவழிச் சாலை. லாரியை முந்த வேண்டுமானால் எதிர்த்திசைப் பாதையில் ஏறித்தான் ஆக வேண்டும். லாரி டிரைவர் கையை ஆட்டி 'வா' என்பார். அந்தக் கையை நம்பித்தான் குடும்பத்தோடு முந்திப் போயிருக்கிறோம்.

இதில் அப்பா பக்கம் ஒரு நியாயம் இருக்கு. அந்த வண்டி ஓட்டுபவரைத் தூங்க விடாது. 60-க்கு மேல் போனால் ஸ்டியரிங் ஆடும், கதவு பேசும். வேகம் தெரியும். இன்றைய காரில் 100-ல் போகும்போது பாட்டுக் கேட்டபடி 70-ல் போவதாக நினைப்போம்.

கஷ்டம் கவனத்தைக் கூட்டும் என்பதற்கு சுவீடனில் ஒரு உதாரணம் உண்டு. 1967 செப்டம்பர் 3 அன்று அந்த நாடு முழுக்க ஒரே நாளில் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியது. பயங்கர விபத்துகள் நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டியதால் ஆரம்பத்தில் விபத்து குறைந்தது. பழகிய பிறகு பழைய அளவுக்கே திரும்பி வந்துவிட்டது.

ஆக, பழைய வண்டி நம்மை ஜாக்கிரதையாக வைத்திருந்தது, சரி. ஆனால் அந்த ஜாக்கிரதை எத்தனை உயிரைக் காப்பாற்றியது?

முதல் வகுத்தல்: வண்டிக் கணக்கு

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிடும் எண்களை எடுத்துக்கொண்டேன். போலீஸ் பதிவில் ஏறியவை மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும்.

1970: பதிவான வாகனங்கள் சுமார் 14 லட்சம். சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 14,500.

2022: பதிவான வாகனங்கள் சுமார் 35 கோடி. இறந்தவர்கள் 1,68,491.

பத்தாயிரம் வண்டிக்கு எத்தனை சாவு என்று வகுத்தால், 1970-ல் நூற்றுக்குக் கொஞ்சம் மேல். 2022-ல் ஐந்துக்கும் கீழே. அதாவது ஒரு வண்டியின் கணக்கில் பார்த்தால் இன்றைய சாலை இருபது மடங்கு பாதுகாப்பானது. தொழில் தெரிந்த டிரைவர்கள், கை காட்டிய லாரிக்காரர்கள் எல்லாம் இருந்த காலத்தில் நூறு வண்டிக்கு ஒரு சாவு! அந்த வீதம் இன்றைய 35 கோடி வண்டிக்கும் தொடர்ந்திருந்தால் வருஷத்துக்கு 35 லட்சம் பேர் இறந்திருப்பார்கள்.

அப்பா தோற்றுவிட்டார் என்று சந்தோஷமாக லேப்டாப்பை மூடப் போனேன்.

இரண்டாவது வகுத்தல்: ஆள் கணக்கு

மூடுவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். ஏன் வண்டியால் வகுக்கிறேன்? செத்தது வண்டி இல்லையே, ஆள்தானே?

1970-ல் இந்திய மக்கள்தொகை சுமார் 54 கோடி. 2022-ல் சுமார் 141 கோடி. லட்சம் பேருக்கு எத்தனை சாவு என்று வகுத்தால் 1970-ல் 2.7. 2022-ல் 12. நாலு மடங்குக்கு மேல் கூடியிருக்கு.

அதே இரண்டு வருஷம், அதே சாவு எண்ணிக்கை. கீழே போடும் எண்ணை மாற்றினால் பதில் தலைகீழாக மாறுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டும் இரண்டு வேறு கேள்விக்கான பதில். 'காரில் ஏறுகிறேன், எனக்கு ஆபத்தா?' என்றால் முதல் வகுத்தல். 'இந்த நாட்டில் வாழ்கிறேன், சாலையில் சாவேனா?' என்றால் இரண்டாவது. அப்பா கேட்டது இரண்டாவது. நான் பதில் சொன்னது முதலாவதுக்கு.

ஸ்மீடின் சூத்திரம்

இந்த முரண்பாட்டை 1949-லேயே ஒருவர் கவனித்திருக்கிறார். ஆர். ஜே. ஸ்மீட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர். இருபது நாடுகளின் 1938-ம் வருஷக் கணக்கை வைத்து ஒரு சூத்திரம் போட்டார். வாகனங்களின் எண்ணிக்கையை மக்கள்தொகையின் வர்க்கத்தால் பெருக்கு. அதற்குக் கன மூலம் எடு. 0.0003-ஆல் பெருக்கு. வருவதுதான் வருஷச் சாவு.

வாகனம் எட்டு மடங்கானால் சாவு இரண்டு மடங்குதான் ஆகும் என்பது இதன் உட்பொருள். வண்டிக் கணக்கில் ஆபத்து குறையும், ஆள் கணக்கில் கூடும். நம்ம கதை அப்படியே.

இதில் இந்தியாவைப் போட்டுப் பார்த்தேன். 1970-க்கு சூத்திரம் தரும் எண் சுமார் 22,300. உண்மையில் 14,500, அதாவது 65 சதவீதம். 2022-க்கு சூத்திரம் தருவது சுமார் 2,66,000. உண்மையில் 1,68,491, அதாவது 63 சதவீதம்.

திரும்பவும் சரிபார்த்தேன். 65, 63. ஐம்பத்திரண்டு வருஷம். இதற்கு நடுவில் 1988-ல் புது மோட்டார் வாகனச் சட்டம் வந்தது, சீட் பெல்ட் வந்தது, நாலுவழிச் சாலை வந்தது, 108 ஆம்புலன்ஸ் வந்தது, ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் கட்டாயமானது. இவை உயிர்களைக் காப்பாற்றவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மொத்தமாகக் கூட்டிக் கழித்தால், 1949-ல் எழுதிய கோட்டோடு ஒப்பிடும்போது நாம் இருந்த இடத்திலேயே நிற்கிறோம்.

அப்படியானால் இது விதியா? இல்லை. ஸ்மீடின் சொந்த ஊரைப் பாருங்கள். பிரிட்டனில் 1930-ல் வெறும் 23 லட்சம் வண்டிதான், செத்தவர்கள் 7,305 பேர். அங்கே ஓட்டுநர் தேர்வே 1935-ல்தான் கட்டாயமானது. 1966-ல் 7,985 பேர். 1967-ல் குடித்துவிட்டு ஓட்டுபவர்களை ஊதச் சொல்லும் சட்டம். 1983-ல் முன் சீட்டுக்கு பெல்ட் கட்டாயம். நடுவில் சாலை வடிவமைப்பு, வேகக் கட்டுப்பாடு, நடைபாதை. 2022-ல் சுமார் 4 கோடி வண்டி, சாவு 1,711. ஸ்மீட் சூத்திரப்படி கிட்டத்தட்ட 17,000 வந்திருக்க வேண்டும். வந்தது பத்தில் ஒரு பங்கு. எந்த எண்ணால் வகுத்தாலும் அங்கே இன்றுதான் நல்ல காலம். நமக்கு மட்டும்தான் வகுத்தலைப் பொறுத்து பதில் மாறுகிறது.

யார் சாகிறார்கள்?

2022-ல் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம். நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். கார், டாக்சி, வேன் மாதிரி வண்டிகளில் இருந்தவர்கள் 12.5 சதவீதம்தான். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை ஏறக்குறைய 2 சதவீதம். ஆனால் சாவில் அதன் பங்கு 36 சதவீதம்.

அதாவது காருக்குள் இருப்பவருக்கு நிலைமை நிஜமாகவே நன்றாகிவிட்டது. வெளியே இருப்பவருக்கு எந்த ஏர்பேக்கும் கிடையாது. அவர் பக்கத்தில் போகும் வண்டியின் வேகம்தான் கூடியிருக்கு.

ஒரு சின்னக் கணக்கு. ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் ஃபியட் 60 கி.மீ. வேகத்தில், சுமாரான டிரம் பிரேக்கோடு (நொடிக்கு நொடி 5 மீட்டர் வேகக் குறைப்பு) நிற்க சுமார் 53 மீட்டர் எடுக்கும். என் கார் 100-ல், நல்ல பிரேக்கோடு (8 மீட்டர்) நிற்க சுமார் 90 மீட்டர். பிரேக் எவ்வளவோ முன்னேறிவிட்டது. அந்த முன்னேற்றத்தை முழுசாக வேகத்துக்குச் செலவழித்துவிட்டு, அதற்கு மேலும் 37 மீட்டர் கடன் வாங்கியிருக்கிறோம். வயதானவருக்கு அரை நொடி தாமதமானால் இன்னும் 14 மீட்டர் சேரும். அப்பாவிடம் நான் சொல்ல நினைத்தது இந்த 14 மீட்டரைத்தான்.

சாலையைக் கடப்பது

இதோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் அப்பா காரை விட்டுவிட்டால் என்ன செய்வார் என்று யோசித்தேன். நடப்பார்.

எங்கள் தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் நெடுஞ்சாலை போகிறது. முன்பு ஏழு மீட்டர் அகலத் தார்ச்சாலை. நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் ஏழு நொடியில் கடந்துவிடுவார். அந்த ஏழு நொடியில் 60-ல் வரும் பஸ் 117 மீட்டர் வரும். பஸ் அவ்வளவு தூரத்தில் இருந்தால் போதும், கடக்கலாம். இப்போது ஒரு பக்கம் மட்டுமே, ஓரத்தையும் சேர்த்து, பத்து மீட்டர். பத்து நொடியில் 100-ல் வரும் கார் 278 மீட்டர் வந்துவிடும். 278 மீட்டர் தூரத்தில் வரும் காரின் வேகத்தை 74 வயதுக் கண் எடை போட வேண்டும். நடுத் தடுப்பில் ஏறி நின்று, இன்னொரு தடவையும். சுரங்கப்பாதை இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் தள்ளி.

பாதுகாப்பு என்று சொல்லி நான் அவரை 12.5 சதவீதக் கூட்டத்திலிருந்து 19.5 சதவீதக் கூட்டத்துக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் இந்த எண்களையெல்லாம் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். நூறு வண்டிக்கு ஒரு சாவு என்ற இடத்தில் நிறுத்தி, அவரோடு வேலை பார்த்த மூன்று பேரைச் சொன்னார். மூவரும் அந்த இருவழிச் சாலையில் போனவர்கள். ஒருவர் லாரியை முந்தும்போது. "அவனுக்கும் அந்த லாரிக்காரன் கை காட்டித்தான் இருப்பான்" என்றார். இதை அவர் முன்பு சொன்னதே இல்லை.

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் சொன்னதும் பாதி சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன்.

கடைசியில் டாக்டரிடம் போனோம். கண், காது எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நெடுஞ்சாலைப் பயணமும் ராத்திரி ஓட்டமும் கிடையாது, ஊருக்குள் பகலில் மட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். கடைத்தெருவுக்குச் சுரங்கப்பாதை வழியாகக் காரில் போய் வருகிறார்.

சுரங்கப்பாதையை ஏன் தெருமுனையில் வைக்கவில்லை என்று கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு ஆர்டிஐ மனு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் அடுத்த குறிப்பில்.